எட்டுக் கையெழுத்தும் ஒற்றைக் கையெழுத்தும்

1898 ஜூலை மாதக் கடைசி. கியூபாவின் சாந்தியாகோ நகருக்கு வெளியே, மழைச் சேற்றில் கூடாரம் அடித்துக் கிடந்தது அமெரிக்க ராணுவத்தின் ஐந்தாவது படைப்பிரிவு. ஸ்பெயினுடனான சண்டை அங்கே ஓய்ந்திருந்தது. ஜூலை 1 அன்று சான் ஹுவான் குன்றுகளைப் பிடித்தார்கள். 17 அன்று நகரம் சரணடைந்தது. வென்ற படை ஊர் திரும்பும் நாளை எண்ணிக்கொண்டிருந்தபோது காய்ச்சல் புகுந்தது. மலேரியா, மஞ்சள் காய்ச்சல், வயிற்றுக்கடுப்பு. டப்பாவில் வந்த மாட்டிறைச்சியைச் சிப்பாய்களால் வாயில் வைக்க முடியவில்லை. மருந்து போதவில்லை. அந்தப் போர் முழுவதிலும் சண்டையில் இறந்த அமெரிக்கர்கள் 400 பேருக்கும் குறைவு. நோயில் போனவர்கள் 2,000 பேருக்கும் மேல்.

மஞ்சள் காய்ச்சலைக் கொசு பரப்புகிறது என்று கியூப மருத்துவர் கார்லோஸ் பின்லாய் 1881-லேயே சொல்லியிருந்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வால்டர் ரீட் குழு அதை நிரூபிக்க 1900 வரை ஆயிற்று. 1898-இல் அந்தப் படைக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் இடத்தைக் காலி செய்வதுதான். வாஷிங்டனோ தயங்கியது. காய்ச்சலோடு வரும் படை ஊருக்குள்ளும் அதைக் கொண்டுவந்துவிடும் என்ற பயம். தீவின் உட்பகுதியில் மேட்டு நிலத்துக்குப் போய்த் தங்குங்கள் என்றது போர்த்துறை. நடக்கவே தெம்பில்லாதவர்களிடம் சொன்ன யோசனை அது.

படைத்தளபதி ஜெனரல் ஷாஃப்டர் தன் கீழிருந்த தளபதிகளையும் தலைமை மருத்துவர்களையும் கூட்டினார். இங்கே இருந்தால் படை அழியும் என்பதில் அங்கே ஒருவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதை எழுத்தில் கொடுப்பது யார்? அங்கிருந்த பெரும்பாலோருக்கு ராணுவமே வாழ்நாள் தொழில். மேலிடத்தின் மனம் கோணினால் பதவி உயர்வு போய்விடும். ஒருவருக்கு மட்டும் அந்தக் கவலை இல்லை: போருக்கென்று தற்காலிகமாகச் சேர்ந்திருந்த தன்னார்வக் குதிரைப்படையின் கர்னல், 39 வயது தியடோர் ரூஸ்வெல்ட். போர் முடிந்தால் அரசியலுக்குத் திரும்பிவிடுவார். எனவே அவர் எழுதினார். மற்ற தளபதிகளும் பின்தங்கிவிடவில்லை. தாங்களும் சேர்ந்து ஒரு கடிதம் தயாரித்தார்கள். கென்ட், பேட்ஸ், சாஃபி, சம்னர், லட்லோ, ஏம்ஸ், வுட் ஆகிய ஏழு ஜெனரல்களும், கடைசியில் கர்னல் ரூஸ்வெல்ட்டும் அதில் கையெழுத்திட்டார்கள். இந்தப் படையை உடனே கியூபாவிலிருந்து அகற்ற வேண்டும், இல்லையேல் அழிந்துவிடும் என்பதே அதன் சாரம்.

எங்கள் ஊர்ப்பக்கம் இதற்கு மகஜர் என்று பெயர். சாலை வேண்டும், தண்ணீர் வேண்டும் என்று தெருவே சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. பெயர் சொல்லப் பயந்தவன் மொட்டைக் கடிதம் போடுவான். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியைப் பழைய ஆங்கிலேய மாலுமிகள் கண்டுபிடித்திருந்தார்கள். கேப்டன் மீது குறை சொல்ல வேண்டுமென்றால், தாளில் வட்டமாகச் சுற்றிக் கையெழுத்துப் போடுவார்கள். எல்லார் பெயரும் இருக்கும். முதலில் போட்டவன் யார் என்று கண்டுபிடித்துத் தூக்கில் போட முடியாது. அதை ரவுண்ட் ராபின் என்றார்கள். சாந்தியாகோ கடிதத்துக்கும் வரலாற்றில் அதே பெயர் நிலைத்துவிட்டது.

கடிதம் பத்திரிகைக்கு எப்படிப் போயிற்று என்பதை ரூஸ்வெல்ட்டே பின்னாளில் எழுதியிருக்கிறார். தன் கடிதத்தை ஷாஃப்டரிடம் நீட்டியபோது அவர் அதைத் தன் கையில் வாங்கிக்கொள்ளாமல், பக்கத்தில் நின்ற அசோசியேட்டட் பிரஸ் நிருபர் பக்கம் தள்ளிவிட்டாராம். ஆகஸ்ட் 4 அன்று அமெரிக்கப் பத்திரிகைகளில் விஷயம் வந்துவிட்டது. குடியரசுத் தலைவர் மெக்கின்லி கொதித்துப்போனார். ஸ்பெயினுடன் சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த வாரம் அது. நம் படை நோயில் சாகிறது என்று எதிரிக்கே பறைசாற்றியதுபோல் ஆயிற்று. அந்தக் கோபத்திலும் நியாயம் இருந்தது என்பதை மறுக்க மாட்டேன். போர்த்துறைச் செயலர் ரஸ்ஸல் ஆல்ஜர் இன்னும் ஒரு படி போனார். சில நாள் முன்பு ரூஸ்வெல்ட் அவருக்குத் தனிப்பட எழுதிய கடிதமொன்றில், தன் படை மாநிலப் படைகளைவிட மூன்று மடங்கு மேல் என்று பெருமையடித்திருந்தார். அதைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்துவிட்டார் ஆல்ஜர். ரூஸ்வெல்ட்டுக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்த வீரப் பதக்கமும் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆல்ஜரின் மனக்கசப்பே காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். 2001 ஜனவரியில், இறந்து 82 ஆண்டுகள் ஆன பிறகு, குடியரசுத் தலைவர் கிளிண்டன் அதை வழங்கினார்.

ஆனால் கப்பல்கள் புறப்பட்டன. ஆகஸ்ட் 7 அன்று ரூஸ்வெல்ட்டின் படை கியூபாவை விட்டது. ஒரு வாரத்தில் நியூயார்க் மாநிலத்தின் மான்டாக் முனையில் இறங்கியது. எட்டுப் பேரில் ஒருவரையும் பதவியிலிருந்து இறக்கவில்லை. எப்படி இறக்குவது? ஏழு ஜெனரல்களை ஒரே நாளில் நீக்கினால் படைக்குத் தலையே இருக்காது. ரூஸ்வெல்ட் அந்த நவம்பரிலேயே நியூயார்க் ஆளுநராகத் தேர்வானார். மூன்றாண்டில் குடியரசுத் தலைவர்.

அவரை முழு வீரராக்கி இங்கே நிறுத்திவிட எனக்கு மனம் வரவில்லை. 1906-இல் டெக்சாஸின் பிரவுன்ஸ்வில் ஊரில் இரவில் துப்பாக்கிச் சூடு நடந்து ஒருவர் இறந்தார். பழி 25-ஆவது காலாட்படையின் கறுப்பினச் சிப்பாய்கள் மீது விழுந்தது. யார் சுட்டது என்று யாரும் வாய் திறக்கவில்லை என்பதைக் காரணம் காட்டி, விசாரணை மன்றம் எதுவும் இல்லாமல் 167 பேரை ராணுவத்திலிருந்து துரத்தும் ஆணையில் கையெழுத்திட்டவர் இதே ரூஸ்வெல்ட். அந்த 25-ஆவது காலாட்படையும் 1898-இல் சாந்தியாகோ களத்தில் போரிட்ட ஒன்று. 1972-இல்தான் ராணுவம் அந்த ஆணையைத் திருத்தியது. அதற்குள் அவர்களில் அநேகமாக எல்லாரும் மண்ணுக்குள் போயிருந்தார்கள். தன் சிப்பாய்களுக்காகப் போட்ட கையெழுத்தும் பிரவுன்ஸ்வில் சிப்பாய்களுக்கு எதிராகப் போட்ட கையெழுத்தும் ஒரே கையால் ஆனவை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

இனி 2020-க்கு வருகிறேன். ரூஸ்வெல்ட்டின் பெயரையே தாங்கிய அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பல் ஒன்று அமெரிக்கக் கடற்படையில் உண்டு. மார்ச் மாதத் தொடக்கத்தில் அது வியட்நாமின் டா நாங் துறைமுகத்தில் நின்றுவிட்டுக் கிளம்பியது. 24-ஆம் தேதி மூன்று மாலுமிகளுக்குக் கொரோனா என்று தெரிந்தது. 27-ஆம் தேதி குவாம் தீவை அடைந்தபோது எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. கிட்டத்தட்ட 4,800 பேர். அடுக்குக் கட்டில்கள், பொதுக் கழிப்பறை, பொதுச் சாப்பாட்டுக்கூடம், ஒருவரை ஒருவர் உரசாமல் கடக்க முடியாத இடைவழி. எட்டிப்போக வழியே இல்லாத இடம்.

கேப்டன் பிரெட் குரோசியர் மார்ச் 30 அன்று நான்கு பக்கக் கடிதம் எழுதினார். பத்தில் ஒரு பங்கு ஆட்களைக் கப்பலையும் அணு உலையையும் பார்த்துக்கொள்ள வைத்துவிட்டு, மீதியுள்ள நாலாயிரத்துச் சொச்சம் பேரைக் கரையில் தனித்தனி அறைகளில் தங்க வைக்க வேண்டும் என்று கேட்டார். நாம் போரில் இல்லை, மாலுமிகள் சாக வேண்டிய தேவை இல்லை என்று அதில் சொன்னார். கடிதத்தை மின்னஞ்சலில் தன் மேலதிகாரிகளுக்கும் சக கேப்டன்கள் சிலருக்கும் அனுப்பினார். மறுநாள் அது சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள் பத்திரிகையில் வந்தது. ஏப்ரல் 2 அன்று கடற்படைப் பொறுப்புச் செயலர் தாமஸ் மாட்லி அவரைக் கப்பலின் பொறுப்பிலிருந்து நீக்கினார். இத்தனை பேருக்கு, ரகசியக் காப்பு இல்லாத வழியில் அனுப்பியது தவறு என்பது குற்றச்சாட்டு.

நியூயார்க் டைம்ஸ் பிறகு வெளியிட்ட செய்தியில் ஒரு விவரம் இருந்தது. கப்பலிலிருந்த மூத்த அதிகாரிகள் சிலர் தாங்களும் கடிதத்தில் கையெழுத்திடுகிறோம் என்று முன்வந்தார்களாம். வேண்டாம் என்று மறுத்துவிட்டாராம் குரோசியர். அவர்களுடைய எதிர்காலம் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக.

நூற்றிருபத்திரண்டு ஆண்டுகளில் நடந்த மாற்றம் எனக்கு இந்த இடத்தில்தான் தெரிகிறது. அன்றும் அதிகாரிகள் பயந்தார்கள். பயந்தபின் சேர்ந்து நின்றார்கள். இன்று சேர்ந்து நிற்க வந்தவர்களைத் தலைவரே திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. வட்டமாகச் சுற்றிக் கையெழுத்துப் போடுவது கடலோடிகளின் உத்தி. 1898-இல் தரைப்படை அதை எடுத்துக்கொண்டது. 2020-இல் கடலோடி ஒருவரே அதைக் கைவிட்டார். தன் ஆட்களைக் காக்க எழுதிய கடிதத்திலும் தன் ஆட்களைக் காத்தார் குரோசியர். அந்த அன்பே மேலிடத்துக்கு வசதியாகப் போயிற்று. ஒரு பெயரை நீக்கினால் போதும். அமெரிக்காவில் 1988-லிருந்து சட்டம் ஒன்று இருக்கிறது. நாடாளுமன்றத்துக்கோ கண்காணிப்பு அதிகாரிக்கோ மேலதிகாரிகளுக்கோ முறையிடும் படைவீரரைப் பழிவாங்கக் கூடாது என்கிறது. அப்படியிருந்தும் தன் மேலதிகாரிகளிடம் மன்றாடிய கேப்டனுக்கு அது குடையாகவில்லை.

நீக்கிய பிறகு மாட்லி குவாமுக்கே பறந்து போனார். கப்பலின் ஒலிபெருக்கியில் பேசி, தங்கள் கேப்டனை அந்த மாலுமிகள் காதுபடவே முட்டாள் என்ற சொல்லால் சுட்டினார். பதிவு வெளியே வந்தது. ஏப்ரல் 7 அன்று அவரே பதவி விலகினார். ரூஸ்வெல்ட்டின் கொள்ளுப்பேரன் ட்வீட் ரூஸ்வெல்ட், தன் முன்னோரின் 1898 கடிதத்தை நினைவூட்டிக் குரோசியரை ஆதரித்து எழுதினார். கடற்படைத் தலைமைத் தளபதி கில்டே ஏப்ரலில் அவரை மீண்டும் அமர்த்தலாம் என்று பரிந்துரைத்தார். ஜூன் மாதம், விரிவான விசாரணைக்குப் பின், அமர்த்துவதில்லை என்று முடிவு மாறியது. கப்பலில் நோயைக் கட்டுப்படுத்துவதில் குரோசியர் தாமதித்தார் என்றது அறிக்கை. அந்தக் குறை உண்மையாகவே இருக்கட்டும். கடிதம் எழுதிய மூன்றாம் நாளே நீக்கியவர்கள் கையில் அந்த அறிக்கை இல்லை.

1,271 பேருக்குத் தொற்று உறுதியானது. ஒருவர் இறந்தார். பெரும்பாலோரை ஏப்ரல் நடுவுக்குள் கரைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். கேட்டது நடந்தது, கேட்டவர் இல்லை. குரோசியரும் நோயில் விழுந்து எழுந்தார். 2022-இல் ஓய்வு பெற்றார்.

அவர் கப்பலை விட்டு இறங்கியதை மாலுமிகள் கைபேசியில் படம் பிடித்திருக்கிறார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் திரண்டு, கைதட்டி, அவர் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூவுகிறார்கள். அவர் இறங்கும் பலகையில் தனியாக நடந்து போகிறார். அவர்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்தக் கப்பலில் நிற்க வேறு இடம் இல்லை.