7.5 விழுக்காடு யாருக்கு? ஆறாம் வகுப்பிலேயே தெரிந்துகொள்ள வேண்டியவை

மருத்துவப் படிப்புக்கு நீட் தேர்வு கட்டாயம் என்பது மத்திய அரசின் சட்டம். அதிலிருந்து விலக்குக் கேட்டுத் தமிழகச் சட்டமன்றம் 2017இலும் 2021இலும் மசோதாக்களை நிறைவேற்றியது. இரண்டு முறையும் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. ஆனால் 2020இல் இயற்றிய இன்னொரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. அது தேர்வைத் தொடவில்லை. மருத்துவம், பல் மருத்துவம், இந்திய மருத்துவம், ஓமியோபதி படிப்புகளில் மாநில ஒதுக்கீட்டு இடங்களில் 7.5 விழுக்காட்டை அரசுப் பள்ளி மாணவர்களுக்கு என்று பிரித்து வைத்தது.

அதன் தேவை கண்கூடு. 2019இல் அரசுப் பள்ளிகளிலிருந்து எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்கள் ஆறே பேர். சட்டம் வந்த 2020இல் அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட எம்.பி.பி.எஸ். இடங்கள் 313.

சிதம்பரம் கணக்கு

சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ள ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி 2021இல் மக்கள் நல்வாழ்வுத் துறையின் கீழ் வந்து, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆனது. அங்கே 150 எம்.பி.பி.எஸ். இடங்கள். அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு 15 விழுக்காடு போனால் மீதி சுமார் 127. அதில் 7.5 விழுக்காடு என்பது ஒன்பது அல்லது பத்து இடங்கள். இந்த இடங்களுக்கு அரசுப் பள்ளிப் பிள்ளைகள் தங்களுக்குள் மட்டுமே போட்டியிடுகிறார்கள். தரவரிசைப் பட்டியலே தனி. சேருபவர்களின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது.

யாருக்குக் கிடைக்கும்?

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஏழு ஆண்டும் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. நகராட்சி, மாநகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் இதில் சேரும். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களும் தகுதி பெறுவார்கள்.

எங்கே இழக்கிறோம்?

பண்ருட்டியில் ஒரு மாணவி ஆறாம் வகுப்பைக் கட்டணம் கட்டித் தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஏழாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு மாறினால், அந்த ஓராண்டே அவள் தகுதியைப் பறித்துவிடும். அரசு உதவிபெறும் பள்ளி என்றாலும் கிடையாது. சம்பளம் அரசு கொடுப்பதால் அதுவும் அரசுப் பள்ளிதான் என்று எண்ணிப் பல பெற்றோர் ஏமாறுகிறார்கள்.

ஒதுக்கீடு இருந்தாலும் நீட் தகுதி மதிப்பெண்ணைத் தாண்டியே ஆக வேண்டும். அதனால் இந்தச் சட்டம் பாதி உதவிதான். மீதிப் பாதி வகுப்பறையில் கிடைக்கும் பயிற்சியைப் பொறுத்தது. 2022இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்த சென்னை உயர் நீதிமன்றமும் அரசுப் பள்ளிகளின் தரத்தை உயர்த்த வலியுறுத்தியது.

பெற்றோரே, பள்ளி மாற்றும் முன் தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து ஒவ்வோர் ஆண்டின் படிப்புச் சான்றையும் பத்திரமாக வையுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக்கள் இந்த விதிகளை ஐந்தாம் வகுப்புப் பெற்றோருக்கே எடுத்துச் சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் சொல்லிப் பயனில்லை.