ஹாபிக்கு இ.எம்.ஐ. போடலாமா? பறவை பார்க்கக் கிளம்புறவங்களுக்கு ஒரு பட்ஜெட் கணக்கு



பட்ஜெட் போட உட்கார்ந்ததும் நிறைய பேர் முதல்ல வெட்டுறது ஹாபி செலவைத்தான். "கேமரா வேண்டாம், கிட்டார் கிளாஸ் வேண்டாம், அந்தக் காசை எஸ்.ஐ.பி.ல போட்டுடலாம்"னு ஒரு வைராக்கியம் வரும். ரெண்டு மாசம் தாங்கும். மூணாவது மாசம் ஒரு பண்டிகை சேல் வரும். ராத்திரி பதினோரு மணிக்கு 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.'ல ஒரு பெரிய பொருளை ஆர்டர் பண்ணிடுவோம். ரொம்ப நாள் பட்டினி கிடந்தா பந்தியில அளவு தெரியாது, அவ்வளவுதான்.

ஹாபிக்கு ஒரு ரூபாய்கூட ஒதுக்காம இருந்தாலும் பட்ஜெட் உடையும். யோசிக்காம இறங்கினாலும் உடையும். எவ்வளவு ஒதுக்கலாம், எதை எப்போ வாங்கலாம்னு ஒரே ஒரு ஹாபியை வெச்சு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான் எடுத்துக்கிட்டது பறவை பார்த்தல். நுழையும்போது செலவே கிடையாது, உள்ளே போகப் போக லட்சக்கணக்கில் இழுக்கும். போட்டோகிராபி, சைக்கிளிங், இசை எதுவா இருந்தாலும் கணக்கு இதேதான்.

முதல் மூணு மாசம்: காசே வேண்டாம்

பறவை பார்க்கக் காட்டுக்குப் போகணும்னு இல்ல. மொட்டை மாடியில காலை ஆறரை மணிக்கு நின்னாலே மைனா, தேன்சிட்டு, செம்போத்து, மீன்கொத்தினு பத்து வகை தேறும். பேர் தெரியலையா? அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் நடத்துற 'மெர்லின்' ஆப் இலவசம். பறவையோட குரலைக் கேட்டே என்ன பறவைனு சொல்லும். பார்த்ததைக் குறிச்சு வைக்க அவங்களோட 'இபேர்ட்' இருக்கு, அதுவும் இலவசம்.

ஓ.எம்.ஆர். பக்கம் வேலை பார்க்கிறவங்களுக்கு பள்ளிக்கரணை சதுப்பு நிலம் ஆபீஸ் போற வழியிலேயே இருக்கு. 2022-ல ராம்சர் பட்டியல்ல சேர்ந்த இடம் அது. சீசன்ல பூநாரைகள்கூட வரும். கோவைக்காரங்களுக்கு உக்கடம் குளமும் சிங்காநல்லூர் குளமும் இருக்கு. நெல்லைப் பக்கம்னா கூந்தன்குளம். இமயமலையைத் தாண்டி வர்ற வரித்தலை வாத்தை அங்கே பார்க்கலாம். பொங்கல் நாட்கள்ல தமிழ்நாடு முழுக்க பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். 15 நிமிஷம் ஒதுக்கினா யார் வேணும்னாலும் சேரலாம்.

மூணு மாசம் இப்படியே ஓட்டுங்க. ஞாயிற்றுக்கிழமை அலாரம் வெச்சு எழுந்திருக்கிற ஆளா நீங்கன்னு அதுக்குள்ள தெரிஞ்சிடும். அதைக் கண்டுபிடிக்க ஒரு பொருளும் வாங்கத் தேவையில்லை.

மணிக்கு எவ்வளவு ஆகுது?

எந்த ஹாபிக்கும் நான் போடுற கணக்கு இது: மொத்தச் செலவை, அதுல நீங்க செலவழிக்கிற நேரத்தால வகுங்க.

மூணு மாசம் தாண்டியாச்சு, பைனாகுலர் வாங்கலாம்னு தோணுது. பறவை பார்க்கிறவங்க அதிகமா வாங்குறது 8×42. எட்டு மடங்கு பெரிசா காட்டும், முன் லென்ஸின் விட்டம் 42 மி.மீ. விலை 9,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். மாசம் ரெண்டு ஞாயிறு, ஒவ்வொரு தடவையும் மூணு மணி நேரம்னா வருஷத்துக்கு 72 மணி நேரம். பஸ், டீ, டிபன் ஒரு தடவைக்கு 150 ரூபாய்னா 24 தடவைக்கு 3,600. முதல் வருஷ மொத்தச் செலவு 12,600. மணிக்கு 175 ரூபாய். ரெண்டாவது வருஷம் பைனாகுலர் கையில இருக்கு, அதனால மணிக்கு 50 ரூபாய்தான்.

இப்போ இன்னொரு பக்கம். எடுத்த உடனே கேமரா பாடியும் பெரிய டெலி ஜூம் லென்ஸும் சேர்த்து 1,80,000 ரூபாய்க்கு வாங்குறோம். வேலைப்பளுவுல மாசம் ஒரு தடவைதான் வெளியே போக முடியுது. வருஷத்துக்கு 36 மணி நேரம். பஸ் காசைச் சேர்க்காமலே முதல் வருஷம் மணிக்கு 5,000 ரூபாய்! மூணு வருஷம் விடாம இதே மாதிரி போனாலும் மணிக்கு 1,667.

ஒரு மால் ஞாயிறையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. டிக்கெட், பாப்கார்ன், கேப், சாப்பாடுனு மூணு மணி நேரத்துல 800 ரூபாய் சாதாரணமா போகும். மணிக்கு 267. பைனாகுலர் ஞாயிறு அதைவிட மலிவு. அப்போ ஹாபிக்கான காசை எஸ்.ஐ.பி.ல இருந்து பிடுங்க வேண்டாம், மால்ல இருந்தும் புட் டெலிவரியில இருந்தும் எடுத்தா போதும்.

நோ காஸ்ட் இ.எம்.ஐ.யோட காஸ்ட்

அதே 1,80,000 ரூபாய், 18 மாசம், மாசம் 10,000. "வட்டியே இல்லையே, அப்புறம் என்ன?"னு தோணும். நடக்கிறது இதுதான். வங்கி வழக்கம்போல வட்டி போடும். அந்த வட்டி அளவுக்கு விற்பனையாளரோ கம்பெனியோ முன்னாடியே டிஸ்கவுண்ட் கொடுத்துடுவாங்க. ஆனா வட்டி மேல வர்ற 18% ஜி.எஸ்.டி. உங்க தலையிலதான்.

வட்டி விகிதம் 16%னு வெச்சுக்கிட்டா, 18 மாசத்துல உள்ளே இருக்கிற வட்டி சுமார் 20,900 ரூபாய். அதுக்கு ஜி.எஸ்.டி. சுமார் 3,760. பிராசஸிங் கட்டணம் 199 ரூபாய்னா அதுக்கும் ஜி.எஸ்.டி. உண்டு. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 4,000 ரூபாய். அது போக, மொத்தமா காசு கொடுத்தா கிடைச்சிருக்கக்கூடிய தள்ளுபடியும் போச்சு. கார்டு லிமிட்லயும் அந்தத் தொகை முடங்கிக் கிடக்கும், கட்டக் கட்டத்தான் விடுபடும். பூஜ்ய வட்டினு ஒண்ணு உண்மையில் கிடையாதுங்கிறதை ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பர்லயே வங்கிகளுக்குச் சொல்லியாச்சு.

இந்த 4,000 ரூபாயைவிடப் பெரிய சிக்கல் வேற. 40,000 சம்பளத்துல 10,000 ஒன்றரை வருஷத்துக்கு லாக் ஆகுது. நடுவுல வேலை மாறணும், வீட்டுல ஒரு ஆஸ்பத்திரிச் செலவுன்னா, முதல்ல தடுமாறுறது அந்த இ.எம்.ஐ.தான். ஒரு மாசம் கார்டு பில் முழுசா கட்டலைன்னா, வருஷத்துக்கு 36%க்கு மேல வட்டி போடுற கார்டுகள் நிறைய இருக்கு. ஆசை ஆசையா ஆரம்பிச்ச ஹாபி, பார்த்தாலே எரிச்சல் வர்ற பொருளா மாறுறது இப்படித்தான்.

அடுத்த பொருளை எப்போ வாங்கலாம்?

ஒரு சின்ன ரூல்: "இது இல்லாததால எனக்கு என்ன கிடைக்காம போச்சு?"னு கேட்டா, மூணு உதாரணமாவது தேதியோட சொல்ல முடியணும். "அக்கரையில உட்கார்ந்திருந்த பருந்து என்ன வகைன்னு தெரியல"ன்னு மூணு தடவை நோட்டுல எழுதியிருந்தா பைனாகுலர் வாங்குங்க. "எல்லாரும் வெச்சிருக்காங்க"ங்கிறது உதாரணம் ஆகாது.

பெரிய லென்ஸுக்கு ஆசையா? பெரிய ஊர்கள்ல வாடகைக்குக் கிடைக்கும். ஒரு வார இறுதிக்கு 3,000 ரூபாய்னு வெச்சாலும், வருஷத்துக்கு ஆறு தடவை எடுத்தா 18,000. சொந்தமா வாங்குற விலையில பத்துல ஒரு பங்கு. எடையைத் தூக்கிக்கிட்டு நடக்க முடியுதா, நமக்கு இது சரிப்படுமாங்கிறதும் தெரிஞ்சிடும்.

நல்ல கியர் இருந்தாத்தான் ஹாபின்னு நினைக்கிறவங்க மா. கிருஷ்ணனைப் பற்றித் தெரிஞ்சுக்கணும். தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்டுயிர் பற்றி எழுதினவர். 'தி ஸ்டேட்ஸ்மேன்' இதழ்ல 1950-ல ஆரம்பிச்ச பத்தியை 1996-ல இறக்கிற வரைக்கும் எழுதினார். வெவ்வேற கேமரா பாகங்களை ஒண்ணா இணைச்சுத் தானே உருவாக்கிக்கிட்ட கேமராவுலதான் கறுப்பு வெள்ளையில யானைகளைப் படம் எடுத்தார்.

சம்பளத்துல எங்கே வைக்கிறது?

கார்டு பாக்கியை முழுசா கட்டுறது, அவசர நிதி, ஹெல்த் இன்ஷூரன்ஸ், எஸ்.ஐ.பி. இதெல்லாம் முதல்ல. ஆனா இதெல்லாம் முடியுற வரைக்கும் ஹாபியைத் தள்ளிப் போடாதீங்க. சம்பளத்துல 3% ஒதுக்குங்க. 40,000-க்கு 1,200 ரூபாய். அதுல 300 அந்த மாசத்து பஸ், டீ செலவு. மீதி 900-ஐ தனியா ஒரு ஆர்.டி.லயோ இன்னொரு சேமிப்புக் கணக்குலயோ போடுங்க. (தபால் நிலைய ஆர்.டி. அஞ்சு வருஷம், இதுக்கு ஒத்துவராது.) பத்து மாசத்துல 9,000 ரூபாய். ஜனவரியில ஆரம்பிச்சா, வேடந்தாங்கல்ல சீசன் தொடங்குற நவம்பர்ல கடன் இல்லாத பைனாகுலர் கையில இருக்கும்.

"இதுலயே சம்பாதிக்கலாமே?"

பறவைப் படம் வித்து லென்ஸ் காசை எடுத்துடலாம்னு கணக்குப் போட்டு வாங்காதீங்க. முதல்ல இருக்கிற போனையோ கேமராவையோ வெச்சு ஒரு ரூபாயாவது சம்பாதிச்சுக் காட்டுங்க, அப்புறம் முதலீடு பற்றிப் பேசலாம்.

நிஜமாவே வருமானம் வர ஆரம்பிச்சா மூணு விஷயம் பாருங்க. ஒண்ணு, ஆபர் லெட்டர்ல வேற வருமானத்துக்குத் தடை இருக்கா? ரெண்டு, தொழில் வருமானம் வந்துட்டா வழக்கமான ஐ.டி.ஆர்-1 ஆகாது, 3 அல்லது 4 தாக்கல் பண்ணணும். மூணு, சேவைத் தொழிலுக்கு ஜி.எஸ்.டி. பதிவு பொதுவா வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினாத்தான், அதனால ஆரம்பத்துல அதை நினைச்சுப் பயப்பட வேண்டாம்.

இன்னொண்ணும் சொல்லணும். ஹாபி சம்பாதிச்சுத்தான் ஆகணும்னு எந்தச் சட்டமும் இல்லை. வாரம் அஞ்சு நாள் டார்கெட், அப்ரைசல்னு ஓடுறோம். யாரும் மார்க் போடாத மூணு மணி நேரத்துக்கு மாசம் 1,200 ரூபாய் ஒதுக்கினா அது வீண் செலவு இல்லை.

இந்த ஞாயிறு செய்ய வேண்டியது ரெண்டுதான். ஆப்பை இறக்குங்க, ஆறரைக்கு மாடிக்குப் போங்க. அதுவரைக்கும் அந்த லென்ஸ் கார்ட்லயே இருக்கட்டும்.