விடுபட்டவர் பட்டியல்: கல்லூரிக் கூடைப்பந்தில் ஆள் எடுப்பது பற்றிச் சில குறிப்புகள்

போன தை மாசம் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில், பெங்களூர் வண்டி நிற்கிற இடத்தில் ஒரு பையன் வணக்கம் வைத்தான். "சார், என்னைத் தெரியுதுங்களா?" தெரியவில்லை. முகத்தைப் பார்க்கவே நான் நிமிர வேண்டியிருந்தது. ஆறடிக்கு மேல் ஒரு அங்குலமாவது இருப்பான். பெயரைச் சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது.

நான் ஒரு கலைக்கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர். பசங்களுக்கு பி.டி. சார். மூன்று வருஷத்துக்கு முன்னால் முதலாமாண்டு மாணவர்களுக்கு பாஸ்கெட்பால் செலக்‌ஷன் வைத்தபோது இவனும் வந்திருந்தான். பென்னாகரம் பக்கத்துக் கிராமம். காலை பஸ் தாமதமாகி, பாதி செலக்‌ஷன் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தான். உயரம் ஐந்தடி ஏழு அங்குலம். அதுவரை வாலிபால் மட்டும்தான் ஆடியிருந்தான், பந்தைத் தட்டிக்கொண்டு ஓடச் சொன்னால் அது அவன் காலிலேயே பட்டு உருண்டது. என் நோட்டில் அவன் பெயருக்கு நேராக ஒரு குறுக்குக் கோடு போட்டேன். அதோடு முடிந்தது.

இரண்டாம் வருஷம் படிப்பை விட்டுவிட்டானாம். இப்போது பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. "அப்ப நான் குட்டையா இருந்தேனுங்க சார்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டீமில் இருந்திருந்தால் கண்டிப்பாகப் படிப்பை முடித்திருப்பான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் டீமில் இருக்கிற பையன் ஒருத்தன் நாலு நாள் கல்லூரிக்கு வராவிட்டால் நான் போன் பண்ணுவேன், பீஸ் கட்ட முடியலைன்னா பிரின்சிபாலிடம் போய் நிற்பேன். இவனுக்கு அதெல்லாம் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து இந்த விஷயத்தைப் பற்றிப் படித்ததும் யோசித்ததும்தான் இந்தக் குறிப்பு.

ஒரு மணி நேரத்தில் என்ன தெரியும்?

செலக்‌ஷன் என்பது பெரும்பாலும் ஒரே ஒரு காலை நேரம். நாற்பது பேர் வருவார்கள், பன்னிரண்டு பேர் வேண்டும். அந்த நேரத்தில் நாம் பார்ப்பது பையனின் திறமையை என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் பார்ப்பது மூன்று விஷயம்: இன்றைக்கு எவ்வளவு உயரம், இதுவரை எவ்வளவு ஆடியிருக்கிறான், இன்றைக்கு எப்படி ஆடினான். இனிமேல் எவ்வளவு வளருவான் என்பது இந்த மூன்றிலுமே கிடையாது.

எங்கள் மாவட்டத்தில் இரண்டாவது விஷயம் ரொம்பவே ஓரவஞ்சனையானது. வாலிபாலுக்கு இரண்டு கம்பமும் ஒரு வலையும் போதும், மண்தரையே கிரவுண்ட். கபடிக்கு அதுகூட வேண்டாம். பாஸ்கெட்பாலுக்கு 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலத்தில் சிமெண்ட் தளம், இரண்டு பக்கமும் 3.05 மீட்டர் உயரத்தில் வளையம், பின்னால் போர்டு என்று எல்லாம் வேண்டும். அரூர், பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்துக் கிராமத்துப் பள்ளிகளில் படித்த பையன் அந்தத் தளத்தை முதன்முதலாக மிதிப்பதே கல்லூரியில்தான். ஆறாம் வகுப்பிலிருந்து ஆடிய டவுன் பையனோடு அவனை ஒரே வரிசையில் நிறுத்தி ஒரு மணி நேரத்தில் தீர்ப்பு சொல்வது நியாயமில்லை.

வளர்ச்சிக்கு ஒரே கடிகாரம் இல்லை

உயரம் வேகமாகக் கூடும் பருவம் பெண்களுக்குச் சராசரியாக 12 வயதிலும், ஆண்களுக்கு 14 வயதிலும் வருகிறது. இது சராசரிதான். சிலருக்கு இரண்டு வருஷம் முன்னாலேயே வரும், சிலருக்குப் பின்னால் வரும். ஒன்பதாம் வகுப்பில் மீசை வந்துவிட்ட பையன் அன்றைக்கு ராஜா. அவன் வளர்ச்சி சீக்கிரம் நின்றுவிடலாம். கடைசி பெஞ்சில் இருந்த சின்னப்பையன் பதினெட்டு வயதிலும் வளர்ந்துகொண்டிருக்கலாம்.

இதோடு பிறந்த மாதமும் சேர்ந்துகொள்கிறது. வயதுப் பிரிவுக்குக் கணக்கு ஜனவரி 1 என்று வைத்தால், ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் மோதுவார்கள். இடையில் கிட்டத்தட்ட ஒரு வருஷ வளர்ச்சி வித்தியாசம். கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களில் வருஷத்தின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் என்பதை ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் 1980-களில் எடுத்துக்காட்டினார். பிறகு பல விளையாட்டுகளில் அதே போக்கைக் கண்டார்கள். நம் பக்கம் இன்னொரு சிக்கல் உண்டு. எத்தனையோ பேருடைய பிறந்த தேதி ஹெட்மாஸ்டர் வைத்த தேதி. அதனால் சான்றிதழில் இருக்கும் வயதை நம்பி ஒரு பையனின் வளர்ச்சியைக் கணக்குப் போட முடியாது.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பள்ளி விளையாட்டு விடுதிகளுக்கு 7, 8, 9, 11 ஆகிய வகுப்புகளில் சேர்க்கிறார்கள். நல்ல திட்டம், பல ஏழைப் பிள்ளைகளை அது தூக்கிவிட்டிருக்கிறது. ஆனால் அந்தப் பருவத்தில் வளராமல் இருந்த பையனுக்கு அந்தக் கதவு மூடிவிடும். அடுத்த கதவு கல்லூரிதான். எங்களைப் போன்றவர்கள் போடும் குறுக்குக் கோட்டுக்கு அதனால்தான் இவ்வளவு கனம்.

பந்து கொடுத்துப் போட்ட பையன்

இந்த விளையாட்டின் பெரிய உதாரணம் ஸ்காட்டி பிப்பன். அமெரிக்காவில் அர்கன்சா மாநிலத்தின் ஹாம்பர்க் என்ற சின்ன ஊர். பன்னிரண்டு பிள்ளைகளில் கடைசி. பள்ளி முடித்தபோது எந்தப் பெரிய கல்லூரியும் கூப்பிடவில்லை. 1983-ல் சென்ட்ரல் அர்கன்சா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது உயரம் ஆறடி ஒரு அங்குலம், டீமில் வேலை மேனேஜர். அதாவது பந்து, துண்டு எடுத்துக் கொடுக்கிற பையன். படித்து முடிப்பதற்குள் ஆறடி எட்டு அங்குலம் ஆகிவிட்டார். 1987-ல் என்.பி.ஏ. தேர்வில் ஐந்தாவது ஆளாக எடுக்கப்பட்டு, மைக்கேல் ஜோர்டானோடு சிகாகோ அணிக்கு ஆறு சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தார்.

உயரம் வளர்ந்தது அதிர்ஷ்டம்தான். ஆனால் குள்ளமாக இருந்த காலத்தில் கார்டாக ஆடிப் பழகியதால் பந்தைக் கையாளவும் பாஸ் கொடுக்கவும் கற்றிருந்தார். உயரம் வந்தபோது அந்தக் கைவேலையும் கூடவே இருந்தது. வளர்ந்த சமயத்தில் அவர் டீமுக்குள் இருந்தார் என்பதுதான் முக்கியம். பஸ் ஸ்டாண்டில் இல்லை.

ஜா மொராண்ட் கதை வேறு மாதிரி. 2016-ல் ஒரு பயிற்சி முகாமில் வேறொரு பையனைப் பார்க்கப் போயிருந்தார் மர்ரே ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் உதவிக் கோச் ஜேம்ஸ் கேன். தின்பண்டம் வாங்கப் போனவர், பக்கத்து ஹாலில் பந்து தட்டும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். அங்கே மூணுக்கு மூணு ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் மொராண்ட். 2019-ல் அவர் என்.பி.ஏ.வின் இரண்டாவது தேர்வு. இவ்வளவு பணமும் ஆட்களும் இருக்கிற அமெரிக்காவிலேயே இப்படித்தான் தற்செயலாகக் கிடைக்கிறார்கள் என்றால் நம் ஊரில் எத்தனை பேர் நழுவுவார்கள்?

பக்கத்து மாவட்டத்து உதாரணம்

விளையாட்டு வேறு என்றாலும் நடராஜனைச் சொல்லாமல் இருக்க முடியாது. எங்கள் பக்கத்து மாவட்டமான சேலத்தின் சின்னப்பம்பட்டிக்காரர். இருபது வயதுவரை டென்னிஸ் பந்தில்தான் கிரிக்கெட். ஊர்க்காரரான ஜெயபிரகாஷ் அவரைச் சென்னைக்கு அனுப்பிவைத்தார். 2015-ல் ரஞ்சிக்கு வந்த உடனேயே பந்துவீசும் முறையில் சந்தேகம் எழுந்தது. பலருக்குக் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் உட்கார்ந்து முறையைத் திருத்திக்கொண்டு திரும்பி வந்தார். 2020-ல் வலைப் பயிற்சிப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா போனவர், அந்த ஒரே பயணத்தில் இந்தியாவுக்காக மூன்று வகைப் போட்டிகளிலும் அறிமுகமானார்.

இதில் நான் கவனிப்பது ஜெயபிரகாஷை. அவர் செய்தது ஒரு நாள் செலக்‌ஷன் இல்லை, வருஷக்கணக்காகக் கூட நின்றது. கண்டுபிடிப்பது பாதி வேலைகூட இல்லை.

கூடைப்பந்திலேயே இதற்கு மறுபக்க உதாரணம் சத்னம் சிங். பஞ்சாபின் பல்லோ கே கிராமத்துப் பையன், ஏழடிக்கு மேல் உயரம். சின்ன வயதிலேயே லூதியானா அகாடமிக்கு வந்தார். 2010-ல் அமெரிக்காவின் ஐ.எம்.ஜி. அகாடமிக்குப் போனார். 2015-ல் 52-வது ஆளாக டல்லஸ் அணியால் தேர்வானார். இந்தியாவில் பிறந்து அப்படித் தேர்வான முதல் ஆள். ஆனால் அமெரிக்கக் கல்லூரியில் ஆடத் தேவையான படிப்புத் தகுதி கைகூடாததால் நடுவில் இருந்திருக்க வேண்டிய கல்லூரி வருஷங்கள் அவருக்குக் கிடைக்கவில்லை. என்.பி.ஏ.வில் ஒரு ஆட்டமும் ஆட முடியவில்லை. உயரம் எல்லார் கண்ணிலும் பட்டது. ஆடி ஆடித் தேறுவதற்கான வருஷங்கள்தான் குறைந்துபோயின.

பெண் பிள்ளைகள்

இங்கே கணக்கு மாறுகிறது. கல்லூரிக்கு வரும்போது பெண்களுக்கு வளர்ச்சி ஏறக்குறைய முடிந்திருக்கும். அதனால் 'இனிமேல் வளருவாள்' என்று காத்திருப்பதில் பயனில்லை, வேறு விளையாட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். பத்மஸ்ரீ வாங்கிய அனிதா பால்துரை சென்னையில் சிறுமியாக இருந்தபோது தடகளம், வாலிபால் பக்கம்தான் இருந்தார். கோச் ஒருவர் கூடைப்பந்துக்குத் திருப்பினார். பிறகு இந்திய அணிக்கே கேப்டன்.

எங்கள் ஊரில் தடை கிரவுண்டுக்கு வெளியே இருக்கிறது. ஒரு அம்மா என்னிடம் கேட்டார்: "டவுசர் போட்டுகிட்டுத்தான் ஆடோணுங்களா சார்?" டிராக் பேண்ட் போட்டே பயிற்சி எடுக்கலாம் என்றேன். "அப்ப பரவால்லீங்க. ஆனா இருட்டுறதுக்குள்ள வூட்டுக்கு வந்துரணும்." ஆறு மணிக்கு முடிகிற பயிற்சியை நாலே முக்காலுக்கு முடித்தேன். அந்த வருஷம் மூன்று பெண்கள் கூடுதலாக வந்தார்கள். என் கோச்சிங்கில் எந்த மாற்றமும் இல்லை, மாறியது நேரம் மட்டும்தான்.

இப்போது நான் செய்வது

சென்னை, கோவையின் பெரிய கல்லூரிகள் இலவச சீட், ஹாஸ்டல், சாப்பாடு என்று கொடுத்து, மாநில அளவில் ஆடிய பையன்களை எடுத்துக்கொள்ளும். நாங்கள் அவர்களோடு அந்தப் போட்டியில் ஜெயிக்க முடியாது. பெரியார் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு இடையேயான போட்டியில் ஆடி, பல்கலைக்கழக அணிக்குள் நுழைந்து, தென்மண்டலப் போட்டிக்குப் போவதுதான் எங்கள் பையன்களுக்கு உள்ள பாதை. அதற்கு அவர்கள் பார்க்காதவனை நாங்கள் பார்க்க வேண்டும்.

முதலாவது, உயரத்தோடு கை விரிப்பையும் அளக்கிறேன். உயரத்தைவிட விரிப்பு நாலு விரல் அதிகமாக இருந்தால் அடிக்கோடு. அப்பா, அம்மா உயரமும் கேட்கிறேன். இரண்டையும் கூட்டி, பையனென்றால் 13 சென்டிமீட்டர் சேர்த்து, பாதியாக்கினால் தோராயமான கடைசி உயரம் வரும். இது ஜோசியம் இல்லை, ஒரு குறிப்பு அவ்வளவுதான்.

இரண்டாவது, காலையில் தெரியாத ஒன்றைச் சொல்லிக்கொடுக்கிறேன். லே-அப்புக்கு இரண்டு எட்டு வைப்பது மாதிரி. சாயங்காலம் அதையே மறுபடி செய்யச் சொல்வேன். காலையில் நன்றாகச் செய்தவனைவிட, காலையில் தடுமாறி சாயங்காலம் செய்தவன் எனக்கு முக்கியம்.

மூன்றாவது, பன்னிரண்டு பேரோடு நிறுத்துவதில்லை. இன்னும் ஆறு பேர் பயிற்சிக்கு மட்டும். அமெரிக்கக் கல்லூரிகளில் 'ரெட்ஷர்ட்' என்று ஒரு வழக்கம் உண்டு. ஒரு வருஷம் போட்டியில் இறங்காமல் பயிற்சி மட்டும் எடுப்பான், ஆட வேண்டிய நான்கு வருஷமும் குறையாது. நமக்கு டிகிரியே மூன்று வருஷம். ஆனாலும் பி.ஜி. சேர்ந்தால் பல்கலைக்கழகப் போட்டிக்கு 25 வயதுவரை இடமுண்டு. அந்த ஆறு பேருக்கும் டீமுக்கு வாங்குகிற முட்டை, வாழைப்பழத்தில் பங்கு உண்டு.

நான்காவது, எடுக்காதவர்களின் பட்டியல். பெயர், ஊர், உயரம், எதனால் எடுக்கவில்லை. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அந்தப் பக்கத்தைப் புரட்டி, மறுபடி கூப்பிட்டு அளக்கிறேன். பெரும்பாலும் ஒன்றும் மாறியிருக்காது. போன தடவை ஒருவன் ஐந்து சென்டிமீட்டர் கூடியிருந்தான். இப்போது பயிற்சிக்கு வருகிறான். ரீபவுண்டுக்கு இன்னும் தப்பான நேரத்தில்தான் குதிக்கிறான், பார்க்கலாம்.

பெங்களூர் வண்டி கிளம்பும்போது அந்தப் பையனிடம், மறுபடி சேர்ந்து படிக்கிறியாப்பா என்று கேட்டேன். "தங்கச்சி பன்னெண்டாவது படிக்குதுங்க சார், அது முடியட்டும்" என்றான். நம்பர் வாங்கி வைத்திருக்கிறேன்.

இந்த வருஷச் செலக்‌ஷனை காலை ஏழு மணியிலிருந்து பத்தரைக்கு மாற்றிவிட்டேன். பென்னாகரம் பக்கத்துக் கிராமத்து பஸ்கள் எல்லாம் அதற்குள் வந்து சேர்ந்துவிடும்.