உஷார்! மத்தியான வெயிலில் தண்ணீர் ஊற்றாதீர்கள்

தேனி மாவட்டம் லோயர் கேம்பில் வீட்டுத் தோட்டம் வைத்திருக்கிறீர்களா? வெயிலில் கிடக்கும் ஹோஸ் குழாயை மத்தியானம் திறந்து, முதலில் வரும் தண்ணீரைக் கையில் பிடித்துப் பாருங்கள். சுடும். செடி வாடுகிறதே என்று பதறி, அந்த வெந்நீரைத்தான் பலர் கத்தரிக்கும் தக்காளிக்கும் ஊற்றுகிறார்கள்.

பூசணி, பாகல் இலைகள் உச்சிப் பொழுதில் தொங்குவதைக் கண்டு பயப்பட வேண்டாம். வேர் உறிஞ்சுவதைவிட வேகமாக இலையிலிருந்து நீர் போகிறது, அவ்வளவுதான். வெயில் தாழ்ந்ததும் நிமிர்ந்துவிடும். காலையிலும் தொங்கினால்தான் ஆபத்து. அப்போதும் உடனே குடத்தைத் தூக்காதீர்கள். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் ஊற்றலாம். சொதசொதவென்று ஈரமாக இருந்தும் வாடியிருந்தால் வேர் அழுகத் தொடங்கியிருக்கலாம். இன்னும் ஊற்றினால் செடி செத்தே போகும்! தண்ணீர் விட நல்ல நேரம் விடியற்காலைதான். தினமும் மேலாகத் தெளிப்பதைவிட, மண் காய்ந்ததைப் பார்த்து வேர்வரை இறங்கும்படி ஊற்றுங்கள்.

பெரியாற்றுத் தண்ணீர் இறங்கும் ஊர், நமக்கென்ன பஞ்சம் என்றும் இருந்துவிடாதீர்கள். கோடையில் பெரியாறு அணை நீர்மட்டம் இறங்கினால் குடிநீருக்கு மட்டுமே தண்ணீர் திறப்பார்கள். அந்தத் தண்ணீரில் ஓடும் நம் ஊர் பவர் ஹவுஸே மின் உற்பத்தியை நிறுத்த நேரிடும்.

தக்காளிப் பூ கொட்டுகிறதென்று யூரியா போடுவது இன்னொரு கொடுமை. வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். உரம் அதைத் தடுக்காது, வேரைத்தான் எரிக்கும். பச்சை நிழல்வலை கட்டுங்கள்.

இலையில் ஊசி குத்தியதுபோல் வெளிர்ப் புள்ளிகள் தெரிந்தால் ஒரு வெள்ளைத்தாளைக் கீழே பிடித்துத் தட்டுங்கள். விழும் தூசி நகர்ந்தால் அது செஞ்சிலந்தி. காய்ந்த வெயிலில் மளமளவென்று பெருகும். இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். வேப்பெண்ணெய் என்றால் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசலோடு, பொழுது சாய்ந்த பிறகு மட்டும். வெயிலில் அடித்தால் இலை பொசுங்கிவிடும்.

தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம்மைத் துணியால் இறுக மூடுங்கள். டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். டிரம்மின் உள்சுவரில் ஒட்டிய முட்டை, நீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் கொட்டிக் கவிழ்த்தால் போதாது. வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும். ஈரமான செடித் தொட்டியின் அடியில் குளிர்ச்சி தேடிப் பாம்பும் தேளும் அண்டும். வெறுங்கையால் தொட்டியை நகர்த்தாதீர்கள். இருட்டில் டார்ச் இல்லாமல் தோட்டத்தில் கால் வைக்காதீர்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். 108-ஐ அழைத்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எல்லாவற்றையும்விடப் பயமாக இருப்பது, பெருக்கிய சருகுக்குத் தீக்குச்சி கிழிக்கும் பழக்கம். 2018 மார்ச் 11-ல் இதே தேனி மாவட்டத்தில், குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீ மலையேறப் போனவர்களில் 23 உயிர்களைக் குடித்தது. நம் வீடுகளுக்குப் பின்னாலும் காய்ந்த புல்லும் மலையும்தான். காற்று ஒரு பொறியைத் தூக்கிப்போட்டால் யார் அணைப்பது? அந்தச் சருகையும் தென்னை மட்டையையும் செடியைச் சுற்றி நான்கு விரல் கனத்துக்குப் பரப்புங்கள், தண்டை ஒட்டாமல். மண் சூடேறாது, ஈரமும் நிற்கும். பக்கத்துத் தோட்டத்தில் யாராவது கொளுத்தினால் போய்ச் சொல்லுங்கள். தீ மலைப்பக்கம் நகர்ந்தால் உடனே தீயணைப்புக்கும் வனத்துறைக்கும் தகவல் கொடுங்கள்.