கணினிக்கும் வேண்டும் கிரிக்கெட்: ரசிகர் கோரிக்கையும் ரசிகர் கடமையும்

கிரிக்கெட் எமது பிராந்தியத்தில் வெறும் விளையாட்டாக மட்டும் நோக்கப்படுவதில்லை. வீதியிலும் வயல்வெளியிலும் கடற்கரையிலும் மட்டை பிடிக்கும் எமது இளைஞர்கள், மழை நாட்களிலும் இரவு வேளைகளிலும் அதே ஆட்டத்தைக் கணினித் திரையில் தொடர்கின்றனர். அவ்விளையாட்டு மென்பொருட்கள் எந்த இயந்திரத்துக்காகத் தயாரிக்கப்படுகின்றன என்பது பெரியோர் பலருக்கு அற்ப விடயமாகத் தோன்றலாம். ஆனால், ஒரு பொருளை மிக அதிகமாக விரும்பும் மக்களே அதன் சந்தைக் கணக்கில் சேர்க்கப்படாது விடப்படுவது ஏன் என்ற கேள்வி அற்பமானதன்று.

பிரித்தானியாவின் கோட்மாஸ்டர்ஸ் நிறுவனம் பிரயன் லாராவின் பெயரில் 2005 ஆம், 2007 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கிரிக்கெட் விளையாட்டுக்களும் 'ஆஷஸ் கிரிக்கெட் 2009' என்ற விளையாட்டும் கணினிக்கும் கிடைத்தன. எனினும், அடுத்து வந்த 'இன்டர்நெஷனல் கிரிக்கெட் 2010' பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பொக்ஸ் 360 ஆகிய இரண்டுக்கும் மாத்திரமே வெளியிடப்பட்டது. கொன்சோல் எனப்படும் இவை, தொலைக்காட்சியுடன் இணைத்து விளையாடுவதற்கென்றே தயாரிக்கப்படும் இயந்திரங்களாகும். கணினியை மட்டுமே வைத்திருந்த ரசிகர்கள், தமக்கும் ஒரு பதிப்பு வேண்டுமெனக் கோரினர். அது வரவேயில்லை.

இதன் தாக்கத்தைத் தெற்காசியாவில் இருந்து பார்ப்போரே நன்கு உணர்வர். எமது நாட்டில் ஒரு குடும்பம் கணினி வாங்குவது பெரும்பாலும் பிள்ளைகளின் கல்வியை முன்னிட்டேயாகும். அதே கணினியில் ஓய்வு நேரத்தில் விளையாடவும் முடிகிறது. விளையாட்டுக்கென்றே வேறோர் இயந்திரம் வாங்குவது சாதாரண குடும்பத்தின் சக்திக்கு அப்பாற்பட்டது. ஆகவே, கொன்சோலுக்கு மட்டும் வெளியிடும் தீர்மானம், கிரிக்கெட் மீது பெரும் மோகம் கொண்ட நாடுகளின் ரசிகர்களையே வெளியில் நிறுத்தியது. இலக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 2006 ஆம் ஆண்டு வெளியிட்ட 'கிரிக்கெட் 07' விளையாட்டை, ரசிகர்களே புதிய வீரர்களையும் சீருடைகளையும் சேர்த்து ஆண்டுக்கணக்கில் உயிரோடு வைத்திருந்தமை, அந்தத் தேவை எவ்வளவு ஆழமானது என்பதற்குச் சான்றாகும்.

பதிப்பாளர் தரப்பில் பொதுவாக முன்வைக்கப்படும் காரணங்கள் இரண்டு. முதலாவது தொழில்நுட்பம் சார்ந்தது. ஒரே வகைக் கொன்சோல்கள் அனைத்தினதும் உள்ளமைப்பு ஏறத்தாழ ஒன்றே. கணினிகளோ செயலி, நினைவகம், வரைகலை அட்டை என ஒவ்வொன்றிலும் வேறுபடுபவை. அத்தனை வகைகளிலும் பரீட்சித்துப் பார்ப்பதற்குப் பணமும் காலமும் தேவை. எனினும், 2013 ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பொக்ஸ் வன் ஆகியன கணினிச் செயலிகளை ஒத்த செயலிகளுடனேயே தயாரிக்கப்பட்டன. அதன் பின்னர் இக்காரணத்தின் வலு பெரிதும் குறைந்துவிட்டது என்றே கூற வேண்டும்.

இரண்டாவது காரணம் எம்மைச் சுடுவதாகும். கணினி விளையாட்டுக்கள் எளிதில் திருட்டுத்தனமாகப் பிரதி செய்யப்படுகின்றன என்பதே அது. எமது நகரங்களில் சொற்ப விலைக்கு விற்கப்பட்ட திருட்டு இறுவட்டுகளை நாம் மறந்துவிட முடியாது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களுக்கும் பாதுகாப்பு அளிக்கிறது. இருந்தும், திருட்டுப் பிரதியை வாங்குவதைத் தவறெனக் கருதாத மனப்பான்மை எம்மிடையே வேரூன்றியிருந்தது. பதிப்பாளர் எண்ணுவது விளையாடுவோரின் தொகையை அல்ல, விலை கொடுத்து வாங்குவோரின் தொகையையே. திருட்டுப் பிரதியில் விளையாடிய இலட்சம் பேரும் அவரது கணக்கில் பூச்சியமே.

அதேவேளை, வசதி குறைந்தோர் மீது மட்டும் பழி சுமத்துவதும் நியாயமன்று. மேலைநாட்டவரின் வருமானத்தை வைத்து நிர்ணயிக்கப்படும் டொலர் விலையை எமது மாணவன் ஒருவனால் எவ்வாறு செலுத்த முடியும்? நியாயமான விலையில் நேர்வழியைத் திறந்துவிடாமல், குறுக்கு வழியை மாத்திரம் குறை கூறுவது முழு உண்மையாகாது.

கணினிப் பதிப்பு வந்தால் மட்டும் போதாது என்பதையும் அனுபவம் உணர்த்தியிருக்கிறது. 2013 நவம்பரில் கணினிக்கு வெளியான 'ஆஷஸ் கிரிக்கெட் 2013' குறைபாடுகள் மலிந்திருந்தமையால் சில நாட்களிலேயே விற்பனையிலிருந்து அகற்றப்பட்டது. வாங்கியோருக்குப் பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. மாறாக, அவுஸ்திரேலியாவின் பிக் ஆன்ட் நிறுவனம் தயாரித்த 'டொன் பிரட்மன் கிரிக்கெட் 14' 2014 ஏப்ரலில் கொன்சோல்களுக்கும் ஜூன் மாதத்தில் கணினிக்கும் வந்தது. அந்நிறுவனத்தின் பிந்திய கிரிக்கெட் விளையாட்டுக்களும் கணினிக்குக் கிடைத்தன. தாமதமானாலும் தரத்துடன் வருவதே மேல் என்பது இதிலிருந்து புலனாகிறது.

ஏனைய விளையாட்டுக்களின் நிலையும் இத்தகையதே. அமெரிக்கக் காற்பந்தாட்டத்தைக் கொண்ட 'மடன்' தொடர் 2007 ஆம் ஆண்டுக்குப் பின் கணினியைக் கைவிட்டு, 11 ஆண்டுகள் கழித்து 2018 இலேயே திரும்பியது. பனிக்கட்டி ஹொக்கி ரசிகர்களோ அவ்வளவு பாக்கியசாலிகள் அல்லர். 2008 ஆம் ஆண்டு வெளியான 'என்.எச்.எல். 09' விளையாட்டே அத்தொடரின் இறுதிக் கணினிப் பதிப்பாக அமைந்தது. 2025 இல் வெளியான 'என்.எச்.எல். 26' கூடக் கொன்சோலுக்கே வந்தது.

கோரிக்கை விடுப்பது ரசிகரின் உரிமை. ஆனால், கோரிக்கைக்கு வலுச் சேர்ப்பது கையெழுத்துக்களின் எண்ணிக்கை மட்டுமன்று, கேட்ட பொருள் வந்ததும் அதனை நேர்வழியில் வாங்குகின்ற நாணயமுமாகும். பதிப்பாளர்கள் எமது பிராந்தியத்தின் வருமானத்துக்கேற்ற விலையில் தரமான பதிப்பைத் தர முன்வர வேண்டும். எமது இளைஞர்கள் திருட்டுப் பிரதிகளைப் புறக்கணிக்க வேண்டும். இவ்விரண்டில் எது முந்த வேண்டும் என வாதிட்டுக் கொண்டிருந்தால் காலம்தான் விரயமாகும். எமது கையில் இருப்பதை நாம் முதலில் செய்வோம். அப்போதுதான் எமது குரலைக் கேளாதது போல் எவரும் இருந்துவிட முடியாது.