தே ஓ கோப்பையில் ஒரு தோல் பாடம்

மாணவர்களே, தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குச் செல்லும் வழியில் உறுமி மேளம் முழங்குவதைக் கேட்டிருப்பீர்கள். மரபு முறையில் செய்த உறுமியின் முகத்தில் இருப்பது விலங்குத் தோல். அப்பாவின் இடுப்பு வாரும் தோல்தான். ஆனால் உறுமித் தோல் நனைந்தால் தொய்ந்துவிடும். ஈரத்திலேயே கிடந்தால் அழுகிவிடும். வார் அப்படி எளிதில் அழுகாது. ஏன்?

உறுமியில் இருப்பது பச்சைத்தோல். வாரில் இருப்பது பதனிட்ட தோல். தோலில் கொல்லாஜன் என்ற புரதம் நிறைந்துள்ளது. அதன் மூலக்கூறில் மூன்று இழைகள் கயிறுபோல முறுக்கிக்கொண்டிருக்கும். ஈரமான பச்சைத்தோலை ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் முறுக்கு அவிழ்ந்து, தோல் சுருங்கிவிடும். மரப்பட்டையிலுள்ள டானின் இந்த இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கிறது. அதன்பின் கிருமிகளால் அவற்றை எளிதில் சிதைக்க முடியாது.

டானினை நீங்கள் ருசித்தும் இருக்கிறீர்கள். கட்டியான தே ஓ குடித்தால் நாக்கு வறண்டதுபோல் இருக்கிறதல்லவா? தேயிலையின் டானின் உமிழ்நீரிலுள்ள புரதங்களைப் பிடித்துக்கொள்வதே காரணம். தமிழ்நாட்டில் ஆவாரம் பட்டையால் தோல் பதனிட்டார்கள். நம் கடலோரத்து பாக்காவ் மரப்பட்டையிலும் டானின் மிகுதி.

இன்று பெரும்பாலான தோல் குரோமியம் உப்பால் பதனிடப்படுகிறது. வேலை விரைவு, தோல் கொதிநீரையும் தாங்கும். ஆனால் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் விட்டால் ஆறு பாழாகும். தமிழ்நாட்டின் பாலாறு அப்படித்தான் கெட்டது. 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பட்டையில் பதனிட்டாலும் கழிவுநீர் உண்டு. ஆகவே வாங்கும் தோலில் ஒரு துண்டையும் வீணாக்காதீர்கள்.

தோல் வேலையைப் பொழுதுபோக்காகத் தொடங்க, பட்டையில் பதனிட்ட 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்டுத்துண்டு போதும். முதலில் ஒரு சாவிக்கொத்துப் பட்டை செய்யுங்கள்.

காகிதத்தில் அளவு வரைந்து தோல்மேல் வைத்து, இரும்பு அளவுகோலை அழுத்திப் பிடித்து வெட்டுங்கள். கத்தி செல்லும் பாதையில் விரல் இருக்கக்கூடாது; பெரியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும். ஈரப் பஞ்சால் தோலைத் துடைத்து எழுத்து அச்சைத் தட்டினால் பதியும். காய்ந்தபின் அது நிலைத்திருக்கும்.

பட்டையை வளையத்தில் கோத்து மடித்து, 4 மில்லிமீட்டருக்கு ஒன்றாகக் குத்தூசியால் துளையிடுங்கள். தையல் நீளத்தைப்போல் நான்கு மடங்கு மெழுகு நூல் எடுத்து, இரு முனையிலும் ஊசி கோருங்கள். ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசிகளும் எதிரெதிராகப் போய்வர வேண்டும். தையல் இயந்திரம் மேல்நூலையும் கீழ்நூலையும் வெறுமனே கொக்கிபோல் மாட்டுகிறது. ஒன்று அறுந்தால் வரிசையே தளரலாம். கைத்தையலில் ஒரு தையல் அறுந்தாலும் மற்ற நூல் பிடித்துக்கொள்ளும்.

கறுப்பு நிறம் வேண்டுமா? இரும்புத் துண்டைச் சில நாள் வினிகரில் ஊறவையுங்கள். மூடியை இறுக்காதீர்கள், வாயு வெளியேற வேண்டும். அந்த நீரைத் தடவினால் இரும்பும் டானினும் சேர்ந்து தோல் கறுக்கும். அதையே ஒரு கோப்பை தே ஓவில் சில துளி விட்டுப் பாருங்கள், அதுவும் கறுக்கும். அதைக் குடித்துவிடாதீர்கள்!

பினாங்கின் ஈரக்காற்றில் தோலில் பூஞ்சை எளிதில் பிடிக்கும். செய்த பொருளைப் பிளாஸ்டிக் பையில் அடைக்காமல் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். தினமும் கையில் எடுத்துப் பயன்படுத்துவது அதைவிட நல்லது.