மறையும் சிறகுகள் – 7: குடமும் கண்ணாடியும்

ரேடார் அலை போய்த் திரும்பும் விதத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். அதைத் திரும்பவிடாமல் செய்யும் விமானத்தின் உடலமைப்பை இந்த வாரம் பார்ப்போம்.

2025 ஜூன் 14 இரவு, ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’ என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலின் எஃப்-35பி போர் விமானம் திருவனந்தபுரத்தில் அவசரமாக இறங்கியது. பிறகு ஹைட்ராலிக் கோளாறு. ஜூலை 22-ல்தான் கிளம்பியது. அதுவரை வலியசாலையில் எங்கள் திண்ணைப் பேச்சு முழுக்க அதுதான். வந்த விமானத்தைத் தன் கண்காணிப்பு வலை கண்டறிந்ததாக நம் விமானப் படை சொன்னதும் பேரன் கேட்டான்: “ரேடார்ல தெரியாத பிளேன் எப்படித் தாத்தா தெரிஞ்சுது?”

விளக்கை அணைத்தேன். டார்ச்தான் ரேடார் என்று சொல்லி, பித்தளைக் குடத்தின் மேல் அடிக்கச் சொன்னேன். குடத்தை எப்படித் திருப்பினாலும் ஒரு வெளிச்சப் புள்ளி அவன் கண்ணுக்கே திரும்பியது. கைக்கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தேன். வெளிச்சம் சுவருக்குப் போனது, கண்ணாடி இருண்டது. இரண்டு கண்ணாடிகளைச் செங்குத்தாகச் சேர்த்தேன். இடம் வலமாகத் திருப்பினாலும் வெளிச்சம் அவன் முகத்திலேயே அடித்தது. இறக்கையும் வாலும் செங்குத்தாகச் சந்திக்கும் விமானம் இப்படித்தான் மாட்டிக்கொள்ளும். எஃப்-35-ன் வால்கள் சாய்ந்திருப்பது அதனால்தான்.

அடுத்தது எஞ்சின். எங்கள் அக்ரஹார வீட்டில் வாசலில் நின்றால் கொல்லைக் கிணறு தெரியும். காற்று புகும் குழாய் அப்படி நேராக இருந்தால், சுழலும் எஞ்சின் இதழ்கள் ரேடாருக்குத் தெரிந்துவிடும். ஆகவே குழாயை வளைக்கிறார்கள். எஃப்-35-ல் குழாயின் வாயருகே ஒரு புடைப்பும் உண்டு. மேனியை ஒட்டி வரும் மந்தக் காற்றை அது விலக்கிவிடும். அதற்கென ரேடாரில் தெரியும் தனித் தகடு வேண்டாம்.

ஆனாலும் விமானம் மாயமாவதில்லை. திரும்பும் அலை 16-ல் ஒரு பங்காகக் குறைந்தால், ரேடார் பிடிக்கும் தூரம் பாதியாகத்தான் குறையும். தூரம் பத்தில் ஒன்றாக வேண்டுமானால், அலை பத்தாயிரத்தில் ஒன்றாக வேண்டும். அவ்வளவு குறைக்கும்போது, மேனியில் ஒரு மூடியின் இடுக்குகூடக் காட்டிக்கொடுக்கும்.

இதனால்தான் முன்மாதிரிக்கு இவ்வளவு மதிப்பு. வடிவத்தைப் பின்னால் ஒட்டவைக்க முடியாது. எஃப்-35-க்கு முன்மாதிரியான எக்ஸ்-35, 2000 அக்டோபர் 24-ல் முதன்முதலாகப் பறந்தபோதே அந்தப் புடைப்பு அதில் இருந்தது. கால் நூற்றாண்டு கழித்து நம் ஊரில் மழையில் நனைந்து நின்ற விமானத்திலும் அதுவே இருந்தது.

நம் நாடு உருவாக்கும் ‘ஆம்கா’ போர் விமானத்தின் 5 முன்மாதிரிகளுக்காக 2024 மார்ச்சில் மத்திய அரசு சுமார் 15,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2025 பிப்ரவரியில் பெங்களூரு கண்காட்சியில் முழு அளவு மாதிரி வைக்கப்பட்டது. சாய்ந்த வால், வளைந்த குழாய், ஆயுதங்களை வயிற்றுக்குள் வைக்கும் அறை எல்லாம் அதன் வடிவமைப்பில் உண்டு. பறக்கும் முதல் முன்மாதிரி வெளியே வரும் நாளில், அதன் காற்று வாயைத்தான் முதலில் பார்ப்பேன். கொல்லைக் கிணறு தெரியக் கூடாது.

அடுத்த வாரம்: அலையை விழுங்கும் பூச்சு.

(தொடரும்)